பீர் காய்ச்ச பிஎச் மீட்டர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திரையில் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு) 5.37 என்று இரண்டு தசம இலக்கம் காட்டினாலே துல்லியமான கருவி என்று நம்பிவிடாதீர்கள். விவரக்குறிப்பில் ±0.1 என்று பொடி எழுத்தில் போட்டிருந்தால், அந்த 5.37 உண்மையில் 5.27 ஆகவும் இருக்கலாம், 5.47 ஆகவும் இருக்கலாம். மாஷில், அதாவது முளைதானியத்தை வெந்நீரில் ஊறவைத்த கலவையில், நாம் பிடிக்க வேண்டியதே 5.2 முதல் 5.6 வரைதான், அதில் பாதியைக் கருவியின் பிழையே தின்றுவிட்டால் அப்புறம் அளந்து என்ன பயன்? ±0.05க்கு மேல் போகாததாகப் பாருங்கள், ±0.02 கிடைத்தால் இன்னும் நல்லது.

அடுத்தது ஏடிசி, அதாவது வெப்பநிலைக்கு ஏற்ப அளவைத் தானாகத் திருத்தும் வசதி. இந்த ஒரு வசதியை நம்பித்தான் நிறையப் பேர் சுடச்சுட மாஷுக்குள்ளேயே மீட்டரை முக்குகிறார்கள். வெப்பத்தால் எலக்ட்ரோடின் (மீட்டரில் அளவெடுக்கும் கண்ணாடிக் குமிழ் முனை) மின்னழுத்தத்தில் வரும் மாற்றத்தை மட்டும்தான் அது சரிக்கட்டும். மாஷின் பிஎச்சே சூட்டில் இறங்குகிறது, 65 டிகிரியில் ஏறக்குறைய 0.3 குறைவாக இருக்கும், அதை ஏடிசி கணக்கில் எடுக்காது. மேலே சொன்ன 5.2–5.6 அறை வெப்பநிலைக்கான எண். அதனால் ஒரு கரண்டி வோர்ட்டை (மாஷில் இருக்கும் இனிப்பு நீர்) சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் எடுத்து, கிண்ணத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து, 20–25 டிகிரிக்கு ஆறிய பிறகு அளவெடுங்கள். கண்ணாடிக் குமிழும் கூடுதல் நாள் உழைக்கும்.

ஒரே ஒரு புள்ளியில் மட்டும் காலிபிரேட் செய்யும், அதாவது அளவைச் சரிபார்த்துத் திருத்தும், மீட்டர் வேண்டாம். மாஷும் சரி, முடிந்த பீரும் சரி, பெரும்பாலும் 7க்கும் 4க்கும் நடுவில்தான் வரும், அந்த இரண்டு பஃபரிலும் (பிஎச் முன்பே தெரிந்த கரைசல்) சரிபார்க்க முடிய வேண்டும்.

எலக்ட்ரோடைத் தனியாக மாற்ற முடியுமா என்று பார்க்காமல் வாங்குவதுதான் என் கணக்கில் பெரிய தவறு. நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் ஓரிரு வருடத்தில் அது தேய்ந்துவிடும், பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் வயதாகும். என் முதல் மீட்டரை டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்திருந்தேன், சுத்தமான தண்ணீர்தானே என்று. அது எலக்ட்ரோடுக்குள் இருக்கும் உப்பை வெளியே இழுத்துவிடும். சில மாதத்தில் எண் ஓரிடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்தது, எலக்ட்ரோடு கழற்ற முடியாத மாடல் என்பதால் மீட்டரே போயிற்று. பொட்டாசியம் குளோரைடு கலந்த ஸ்டோரேஜ் கரைசலையும் இரண்டு பஃபரையும் மீட்டரோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.