எக்கோன்னா என்ன, எங்க எப்படி சொல்லணும்? படிப்படியா பாக்கலாம்

முதல்ல உச்சரிப்பு. ஈ, சி, எச், ஓ. எழுத்துல சி-எச் இருந்தாலும் எக்கோதான், எச்சோ இல்ல. கிரேக்கத்துலேர்ந்து வந்த வார்த்தை, ஸ்கூல், கெமிஸ்ட்ரி மாதிரி. பன்மைக்கு வெறும் எஸ் போதாது, ஈ-எஸ் போடணும்.

அடுத்து அர்த்தம். நம்ம எதிரொலிதான். சத்தம் போய் மோதி திரும்பி வந்து, தனியா ரெண்டாவது தடவை காதுல விழுந்தா எக்கோ.

மூணாவது படி, இங்கதான் நான் மாட்டினேன். புது வீட்டுல சாமான் எதுவும் வைக்காத ரூம்ல பாடம் ரெக்கார்ட் பண்ணேன், குரல் கிணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருந்துச்சு. எக்கோ கேன்சலேஷன்னு கண்ணுல பட்ட செட்டிங் எல்லாத்தையும் ஆன் பண்ணி ரெண்டு நாள் போச்சு, ஒண்ணும் மாறல. ஏன்னா அது, போன்ல பேசும்போது ஸ்பீக்கர்ல வர்ற எதிராளி குரல் நம்ம மைக்ல ஏறாம தடுக்கிறதுக்கு. என் ரூம்ல இருந்தது எக்கோவே இல்ல, ரிவெர்ப், அதாவது தனியா திரும்பாம இழுத்துட்டே அடங்குற சத்தம். சத்தம் நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகும், திரும்பி வர்றதை காது தனியா பிரிச்சுக் கேக்க ஏறக்குறைய 0.1 நொடி இடைவெளி வேணும், அதுக்குள்ள சத்தம் போக வர சேர்த்து சுமார் 34 மீட்டர் போயிடும், அப்படின்னா சுவர் ஒரு 17 மீட்டராவது தள்ளி இருக்கணும். பத்துக்குப் பத்து ரூம்ல அதுக்கு வழியே இல்ல, நாலு சுவரும் திருப்பி அனுப்புற சத்தம் ஒண்ணோட ஒண்ணு கலந்து இழுத்துக்கிட்டே போகும். ஒரு தடவை கை தட்டிப் பாருங்க: தட்டினது தனியா திரும்பக் கேட்டா எக்கோ, இழுத்துட்டே அடங்கினா ரிவெர்ப். இதுக்கு சாஃப்ட்வேர் தேடாதீங்க, பேசுறவங்க பின்னாடி கனமான போர்வை ரெண்டு தொங்க விடுங்க, எனக்கு அதுலதான் சரியாச்சு. வித்தியாசத்தைக் கேட்டுப் பழக அடாசிட்டிங்கிற ஆடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர் போதும், இலவசம், எஃபெக்ட் மெனுவுல ரெண்டும் தனித்தனியா இருக்கு, ஒரே கிளிப்புக்கு மாத்தி மாத்திப் போட்டுக் கேளுங்க.

நாலாவது, வினைச்சொல். ஒருத்தர் சொன்னதை ஆமோதிக்கிறப்போ "ஐ எக்கோ ஹிஸ் வியூஸ்", நடுவுல வித் வராது. இடத்தைப் பத்தி சொன்னா வரும்: "த ஹால் எக்கோட் வித் லாஃப்டர்".

அப்டேட்: ஆஸ்பத்திரில அப்பாவுக்கு எக்கோ எடுக்கச் சொன்னாங்க, அதுவும் இதுதானான்னு கமென்ட்ல ஒருத்தங்க கேட்டிருந்தாங்க. அதே வார்த்தைதாங்க, எக்கோகார்டியோகிராமோட சுருக்கம். காதுக்குக் கேக்காத அல்ட்ராசவுண்டை நெஞ்சு வழியா அனுப்பி, இதயத்துல பட்டுத் திரும்புறதை வெச்சு மெஷின் படம் காட்டும். ஈசிஜி வேற, அது இதயத்தோட மின் துடிப்பைப் பாக்குறது. சாதாரணமா எக்கோவுக்கு நெஞ்சுல ஜெல் தடவி மேலாக்கதான் வெச்சுப் பாப்பாங்க, வலிக்காதுன்னு அப்பாகிட்ட சொல்லுங்க.