குமுளியில் ஓடாத ஃபங்ஷன்

புற்றடியிலும் போடியிலும் நடக்கும் ஏலக்காய் ஏல விலையைக் குமுளி வியாபாரிகளுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்ப, அஷ்யூர் ஃபங்ஷன்ஸில் (சின்ன புரோகிராம்களை ஓட்டித் தரும் மைக்ரோசாஃப்ட்டின் கிளவுட் சேவை) எழுதிய ஒரு சின்ன புரோகிராம் என் கைக்கு வந்தது. முன்பு எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். என் லேப்டாப்பில் ஓட்டினால், குறுஞ்செய்திச் சேவைக்கான ரகசியச் சாவி கேட்கும் இடத்தில் வெறும் 'நல்', அதாவது மதிப்பே இல்லை.

லேப்டாப்பில் ஓட்டுவதற்கான அமைப்புகள் இருக்கும் லோக்கல்.செட்டிங்ஸ்.ஜேசான் ஃபைலைத் திறந்தேன். சாவி இருந்தது, ஆனால் 'வேல்யூஸ்' பகுதிக்கு வெளியே தனி அடைப்புக்குள். வேல்யூஸுக்குள் இருப்பதைத்தான், ஃபங்ஷனை லேப்டாப்பில் ஓட்டும் கருவியான கோர் டூல்ஸ், என்விரான்மென்ட் வேரியபிளாக (புரோகிராம் வெளியிலிருந்து படிக்கும் பெயரும் மதிப்பும்) மாற்றித் தருகிறது. உள்ளே கொண்டுவந்து, அடுக்கைப் பிரித்து, 'எஸ்எம்எஸ்__கீ' என்று இரட்டை அடிக்கோட்டோடு ஒரே வரியாக எழுதினேன். அமைப்புகளைப் படிக்க டாட்நெட்டில் உள்ள ஐகான்ஃபிகரேஷன் வழியாகப் படிக்கும்போது அந்த இரட்டைக்கோடு முக்காற்புள்ளி ஆகிவிடும். நேரடியாக என்விரான்மென்ட்டிலிருந்து எடுப்பதானால் கோட்டோடுதான் கேட்க வேண்டும்.

சரி, சாவி வந்தது. ஆனால் பழைய சாவி! டெர்மினலில் மேலே ஏறிப் பார்த்தால், இந்தப் பெயர் ஏற்கெனவே கணினியின் என்விரான்மென்ட்டில் இருக்கிறது, அதனால் ஃபைலில் உள்ளதைத் தாண்டுகிறேன் என்று ஒரு வரி. ஓடுகிற எழுத்துக்கு நடுவே அதை யார் பார்க்கிறார்கள்? பழைய வேரியபிளை நீக்கி, டெர்மினலை மூடித் திறந்ததும் சரியானது.

“தம்பி, இப்ப விலை வருதுப்பா” என்றார் கடைக்கார அண்ணாச்சி. அது என் லேப்டாப்பிலிருந்து போன செய்தி. புரோகிராமை அஷ்யூரில் பப்ளிஷ் செய்யும்போது இந்த செட்டிங்ஸ் ஃபைல் தானாக மேலே போகாது. அப்புறம் அஷ்யூரின் இணையப் போர்ட்டலில், ஃபங்ஷன் ஆப்பின் அப்ளிகேஷன் செட்டிங்ஸில் அதே பெயரில் சாவியைச் சேர்த்தேன்.