வால்வு சுருக்கமும் லேப் ரிப்போர்ட்டும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எக்கோ (இதயத்தின் ஒலி அலை ஸ்கேன்) ரிப்போர்ட்டில், இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் பெருந்தமனி வால்வு சுருங்க ஆரம்பித்திருக்கிறது என்று வந்ததும், அது வளர்கிறதா இல்லையா என்று சொல்லும் ரத்தப் பரிசோதனை ஏதாவது உண்டா என்றுதான் பலரும் கேட்கிறார்கள். ஓர் ஊசிக் குத்தில் பதில் கிடைத்தால் வசதிதான். ஆனால் வால்வு எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று அளந்து சொல்லும் ரத்தப் பரிசோதனை இன்றுவரை கிடையாது.

மருத்துவர்கள் வழக்கமாக எழுதித் தருவது பிஎன்பி அல்லது என்டி-ப்ரோபிஎன்பி. சுருங்கிய வால்வு வழியாக ரத்தத்தை முட்டித் தள்ள வேண்டியிருப்பதால் இதயத்தின் இடது கீழறைச் சுவர் அழுத்தத்தில் இழுபடுகிறது. அப்போது தசை வெளிவிடும் பொருளைத்தான் இந்தப் பரிசோதனைகள் அளக்கின்றன. அதாவது, வால்வின் சுமையைத் தசை எப்படித் தாங்குகிறது என்பதுதான் இதில் தெரியும். வால்வின் நிலை தெரிய எக்கோதான் வேண்டும். ரத்தம் பாயும் வேகம் நொடிக்கு 4 மீட்டர், சராசரி அழுத்த வித்தியாசம் 40 மி.மீ. பாதரசம் என்ற அளவைத் தொட்டால், அல்லது வால்வின் திறப்பு 1 சதுர செ.மீ.க்குக் கீழே போனால், அது தீவிரச் சுருக்கம். சராசரியாகப் பார்த்தால் இந்த வேகம் ஆண்டுதோறும் நொடிக்கு 0.3 மீட்டர் கூடுகிறது. ஆளுக்கு ஆள் இது நிறையவே மாறும்.

சரி, இதில் வரும் பெரிய தவறு என்ன? பிஎன்பி நார்மல் என்று வந்ததும் எக்கோவைத் தள்ளிப்போடுவது. தீவிரச் சுருக்கம் இருந்தும் தசை தாக்குப்பிடிக்கும் வரை ரத்தத்தில் எண் ஏறாமலே இருக்கலாம். லேசான சுருக்கம் என்றால் 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை, மிதமானது என்றால் 1 அல்லது 2 ஆண்டுக்கு ஒருமுறை, தீவிரமானது என்றால் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை எக்கோ என்பதுதான் பொதுவான கணக்கு. லேப் ரிப்போர்ட் எவ்வளவு அழகாக வந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. எண் ஏறிவிட்டால் வால்வு மோசமாகிவிட்டது என்று வீடே கலங்கிப்போகும். வயது கூடினாலே என்டி-ப்ரோபிஎன்பி கூடும். சிறுநீரகம் பலவீனமானாலும், இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப் போனாலும் ஏறும். பருமனான உடலில் இருக்க வேண்டியதைவிடக் குறைவாகவே காட்டும். பல லேப்கள் 125 என்ற ஒரே வரம்பை அச்சடித்து, அதற்கு மேல் இருந்தால் தடித்த எழுத்தில் போட்டுவிடுகின்றன. 80 வயதுப் பாட்டிக்கு அந்த வரம்பு பொருந்தாது.

இரண்டு பரிசோதனைகளைக் குழப்பிக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. போன முறை ஒரு லேபில் பிஎன்பி 180, இந்த முறை வேறொரு லேபில் என்டி-ப்ரோபிஎன்பி 900 என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மடங்கு கூடிவிட்டதா? இல்லை. இரண்டும் வேறு வேறு பொருள்கள், ஒரே ஆளுக்கு ஒரே நாளில் எடுத்தாலும் இரண்டாவது எண் பல மடங்கு பெரிதாகத்தான் வரும். ஒரே பரிசோதனை, முடிந்தால் ஒரே லேப், உடம்பு நிதானமாக இருக்கும் நாள் என்று பார்த்து எடுத்தால்தான் ஒப்பிட முடியும். அப்படி எடுத்தாலும் 30 சதவீத ஏற்ற இறக்கத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இதயச் செயலிழப்புக்குத் தரும் சாக்குபிட்ரில் கலந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு பிஎன்பி அந்த மருந்தாலேயே உயரும். அவர்களுக்கு என்டி-ப்ரோபிஎன்பிதான் சரி. முடி கொட்டுகிறது என்று அதிக அளவில் பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிடுபவர்களும் லேபில் அதைச் சொல்லிவிட வேண்டும். சில வகைப் பரிசோதனைகளில் பயோட்டின் முடிவையே மாற்றிவிடும். மாரடைப்பைக் கண்டுபிடிக்க உதவும் ட்ரோபோனின் பொய்யாகக் குறைந்து வரக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017இல் எச்சரித்தது.

அப்படியானால் பிஎன்பி எதற்கு? சுருக்கம் தீவிரமாக இருக்கிறது, நோயாளிக்குத் தொந்தரவு எதுவும் இல்லை, வால்வை மாற்றலாமா காத்திருக்கலாமா என்று யோசிக்கும் இடத்தில் இது உதவுகிறது. 2021 ஐரோப்பிய வழிகாட்டுதல்படி, வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய அளவைப் போல மூன்று மடங்குக்கு மேல், திரும்ப எடுத்தும் அப்படியே, வேறு காரணமும் இல்லை என்றால் வால்வு மாற்றத்தைப் பரிசீலிக்கலாம். லேசான சுருக்கம் உள்ளவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது வீண் கவலை.

அதற்கும் முன்னால், ‘தொந்தரவு எதுவும் இல்லை’ என்ற பேச்சையே கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். மூச்சு வாங்குகிறதா என்று கேட்டால் பெரியவர்கள் இல்லை என்பார்கள். மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போவதை எப்போது விட்டீர்கள், கோயிலுக்கு நடந்து போனவர் எப்போதிருந்து ஆட்டோவில் போகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், வேறு பதில் வரும். மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, மயக்கம் மூன்றில் எது வந்தாலும், பிஎன்பி எவ்வளவாக இருந்தாலும், உடனே இதய மருத்துவரைப் பார்க்க வேண்டும். அறிகுறியே இல்லாதவர்களுக்கு மருத்துவர் மேற்பார்வையில் டிரெட்மில் பரிசோதனை செய்வதுண்டு. அறிகுறி உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

கொழுப்பு விஷயத்துக்கு வருவோம். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிட்டால் வால்வு சுருங்குவது நிற்கும் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் மருத்துவர்களுக்கே இருந்தது. 2008இல் வெளியான சீஸ் (SEAS) ஆய்வில் சிம்வாஸ்டாட்டின், எசிடிமைப் என்ற இரண்டு கொழுப்பு மருந்துகளையும் கொடுத்துப் பார்த்தார்கள். கெட்ட கொழுப்பான எல்டிஎல் நன்றாகவே குறைந்தது, வால்வு தன் போக்கில் சுருங்கியது. அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மாரடைப்பைத் தடுக்க அது வேண்டியிருக்கலாம். ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் லிப்போபுரோட்டீன்-ஏ என்பது வேறு கதை. மரபணு வழியாக வரும் இது கூடுதலாக இருப்பவர்களுக்கு வால்வு சுருக்கம் வரும் வாய்ப்பும் அதிகம், வளரும் வேகமும் அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அதைக் குறைத்தால் வால்வு பிழைக்கும் என்பது இன்னும் நிரூபணமாகவில்லை. அளவு பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். ஒருமுறை பார்த்தால் போதும், ஆண்டுதோறும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

வால்வில் கால்சியம் படிந்திருக்கிறது என்று கேட்டதும் பாலையும் கேழ்வரகையும் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. பலருக்கு ரத்தத்தில் கால்சியம் நார்மலாகவே இருக்கும். வால்வில் அது படிவது அந்தத் திசுவுக்குள் நடக்கும் மாற்றத்தால். எவ்வளவு படிந்திருக்கிறது என்று தெரிய சிடி ஸ்கேன் வேண்டும். அதில் வரும் கால்சியம் மதிப்பெண் ஆண்களுக்கு 2000, பெண்களுக்கு 1200 புள்ளிக்கு மேல் போனால் சுருக்கம் தீவிரமாக இருக்க வாய்ப்பு அதிகம். வைட்டமின் கே2 மாத்திரை கரைத்துவிடும் என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். டென்மார்க்கில் முதியவர்களுக்கு வைட்டமின் டியோடு சேர்த்து இரண்டு ஆண்டு கொடுத்துப் பார்த்ததில் பலன் தெரியவில்லை.

கடைசியாக, யாரும் அதிகம் பேசாத, ஆனால் எல்லா ரிப்போர்ட்டிலும் இருக்கும் எண்: ஹீமோகுளோபின். சுருங்கிய வால்வைப் பீறிட்டுக் கடக்கும்போது, ரத்தம் உறைய உதவும் வான் வில்லிபிராண்ட் புரதம் சிதைந்துபோகிறது. கூடவே குடலில் மெலிந்த ரத்த நாளங்கள் இருந்தால் கசிவு தொடங்கும். வெளியே தெரியாமலே ரத்தசோகை வரும். இந்தத் தொடர்பை 1958இல் எட்வர்ட் ஹைட் என்ற மருத்துவர் சுட்டிக்காட்டியதால் இதற்கு ஹைட் நோய்க்குறி என்று அவர் பெயர். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துக்கொண்டே இருப்பார்கள், எண் ஏறி ஏறி இறங்கும். ரத்தசோகையில் இதயம் வேகமாக இறைப்பதால் எக்கோவிலும் வேகம் கூடுதலாகக் காட்டும். வால்வை மாற்றியபின் பலருக்கு இந்தக் கசிவு நின்றுவிடுகிறது. அதனால் குடல் மருத்துவரிடம் போகும்போது எக்கோ ரிப்போர்ட்டையும், இதய மருத்துவரிடம் போகும்போது ஹீமோகுளோபின் ரிப்போர்ட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.