காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது? ஸ்கைடைவிங் மாணவர்களுக்குக் காற்றோட்டமும் பாராசூட் விரிப்பும்

முதல் குதிப்புக்குத் தயாராகும் எல்லோர் மனதிலும் இருப்பது ஒரே கேள்வி: பாராசூட் விரியாவிட்டால்? அதற்குப் பதில் இன்னொரு கேள்வியில் இருக்கிறது. காற்று இப்போது என் மீது எந்தப் பக்கமிருந்து மோதுகிறது? பாராசூட்டை விரிப்பது கயிறு அல்ல, காற்றுதான். நம் வேலை அதைச் சரியான இடத்தில் காற்றின் கையில் கொடுப்பது.

கீழே வரும் உயரங்கள் அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் ஏ.எஃப்.எஃப். பயிற்சியை (பயிற்சியாளர் உடன் குதித்துக் கற்றுத்தரும் முறை) தழுவியவை; எல்லாம் தரையிலிருந்து அளந்தவை. உங்கள் பயிற்சியாளர் வேறு எண் சொன்னால் அவர் சொல்வதையே பின்பற்றுங்கள்.

படி 1: வாசலில் காற்று முன்னாலிருந்து வரும்

குதிப்பதற்காக விமானி வேகத்தைக் குறைத்த பிறகும் விமானம் மணிக்கு ஏறத்தாழ 150 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். வாசலை விட்ட கணத்தில் உங்களுக்கும் அதே வேகம்தான். ஆகவே காற்று கீழேயிருந்து வராது; விமானத்தின் மூக்குப் பக்கமிருந்து வந்து அறையும். நெஞ்சையும் இடுப்பையும் அந்தப் பக்கம் காட்டுங்கள். தலை நிமிர்ந்திருக்கட்டும். புதியவர்கள் தரையைப் பார்க்கக் குனிவார்கள். முதுகு கூன் விழும், காற்று புரட்டிவிடும்.

முன்னோக்கிய வேகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, கீழ்நோக்கிய வேகம் கூடும். சுமார் 10 விநாடியில் காற்று நேர் கீழிருந்து வரத் தொடங்கிவிடும். அதற்குள் 1000 அடி இறங்கியிருப்பீர்கள். வேகம் மணிக்கு 190 முதல் 200 கி.மீ. வரை போய் நிலைத்துவிடும். அதன்பின் ஒவ்வொரு 1000 அடிக்கும் ஐந்தரை விநாடிதான். 13,000 அடியில் குதித்தால் 5500 அடிக்கு வர முக்கால் நிமிடம் ஆகும்.

இந்தக் காற்றின் பலம் எவ்வளவு? மோட்டார் சைக்கிளில் 50 கி.மீ. வேகத்தில் போகும்போது நெஞ்சில் படும் காற்றை நினைத்துக்கொள்ளுங்கள். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. 200 கி.மீ. வேகத்தில் அது 16 மடங்கு. அதனால்தான் ஒரு முழங்கால் சற்றுத் தாழ்ந்தாலே உடம்பு முழுவதும் திரும்பிவிடுகிறது.

படி 2: வளைவு

இறகுப்பந்தை எப்படி வீசினாலும் கனமான தலை முன்னே வந்துவிடும், இறகுகள் பின்னே போய்விடும். உங்கள் உடம்பில் அந்தத் தலை இடுப்பு. இடுப்பை முன்னே தள்ளுங்கள், கைகளும் கால்களும் மேல்பக்கம் மடங்கட்டும், முகவாய் உயரட்டும். தரையில் குப்புறப் படுத்து நெஞ்சையும் முழங்காலையும் தூக்கி ஒரு நிமிடம் அப்படியே இருந்து பழகுங்கள். மூச்சை அடக்காதீர்கள். விறைத்த உடம்பு காற்றில் மரப்பலகைபோல ஆடும்.

படி 3: முதுகுக்குப் பின்னால் இருக்கும் காற்றுநிழல்

மாணவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். ஓடும் ஆற்றில் பாலத்தின் தூணைப் பாருங்கள். முன்பக்கம் நீர் மோதிப் பிரிகிறது. பின்பக்கம் சுழித்துக்கொண்டு கிடக்கிறது. அங்கே விழுந்த சருகு போக வழியில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். விழும்போது உங்கள் உடம்புதான் தூண். முதுகுக்கு மேலே சில அடி உயரத்துக்கு அந்தச் சுழிப்பு இருக்கும். ஸ்கைடைவர்கள் இதைப் ‘பர்பிள்’ என்பார்கள்.

பாராசூட் பொதியிருப்பதும் அதே முதுகில்தான். அங்கிருந்து அது வெளியேறிச் சுத்தமான காற்றுக்குப் போயாக வேண்டும். அதற்கான தூதுவன் பைலட் சூட்: சுமார் 70, 80 செ.மீ. குறுக்களவுள்ள குட்டிப் பாராசூட். அதோடு பிணைந்த பிரைடில் என்ற நாடா இரண்டு மீட்டருக்குச் சற்று மேல் நீளம் இருப்பது பர்பிளைத் தாண்டத்தான்.

படி 4: இழுப்பது, வீசுவது

5500 அடி. தலைக்கு மேல் இரு கைகளையும் இரண்டு முறை ஆட்டிச் சைகை காட்டுங்கள். இடுப்பு முன்னே. வலக்கை, பொதியின் வலது கீழ் மூலையிலுள்ள பைலட் சூட் கைப்பிடிக்குப் போகட்டும். அதே நேரம் இடக்கை தலைக்கு முன்னே வரட்டும். வலக்கை மட்டும் போனால் உடம்பு சாய்ந்து திரும்பும்.

பிடியுங்கள், உருவுங்கள், கையைப் பக்கவாட்டில் முழுதாக நீட்டி வீசி விட்டுவிடுங்கள். கையிலேயே வைத்திருப்பதும், மெல்ல நழுவ விடுவதும் பைலட் சூட்டைப் பர்பிளுக்குள் போடும் வழி. வீசிய பிறகு வலது தோளுக்கு மேல் திரும்பிப் பாருங்கள். தோள் திரும்பும்போது காற்று முதுகுப்பக்கம் வழிந்து சுழிப்பைக் கலைக்கும். மாட்டிக்கொண்ட பைலட் சூட் பெரும்பாலும் அதிலேயே விடுபடும்.

கைப்பிடி அகப்படவில்லையா? மேலும் இரண்டு முறை தேடுங்கள். மூன்றாவது முறை கிடையாது. ரிசர்வ் எனும் மாற்றுப் பாராசூட்டின் கைப்பிடிக்குப் போய்விடுங்கள்.

படி 5: விரியும் வரிசை

பைலட் சூட் காற்றுப் பிடிக்கும். பிரைடில் இறுகி, அதிலுள்ள வளைந்த ஊசியை மூடும் கயிற்று வளையத்திலிருந்து உருவும். பொதி திறக்கும். உள்ளிருக்கும் பை மேலே தூக்கப்படும். ரப்பர் வளையங்களில் மடித்து வைத்த கயிறுகள் ஒவ்வொன்றாக விடுபடும். கடைசி மடிப்பு விட்டதும் பையின் வாய் திறந்து பாராசூட் வெளியே வரும். இவ்வளவுக்கும் சில விநாடிகள்தான். 600 முதல் 1000 அடி வரை செலவாகும்.

இந்தச் சதுரப் பாராசூட்டின் மூதாதை, டோமினா ஜால்பெர்ட் 1966இல் காப்புரிமை பெற்ற, அறைகளில் காற்று நிரம்பும் இறக்கை. ஆனால் அது திறந்த வேகம் ஆளையே உலுக்கியது. அதற்குத் தீர்வு ஸ்லைடர்: நான்கு மூலையிலும் வளையம் வைத்த செவ்வகத் துணி. கயிறுகள் அந்த வளையங்கள் வழியே போகும். எதிர்க்காற்று துணியை மேலே தள்ள, விரியும் பாராசூட் அதைக் கீழே தள்ள, இந்த இழுபறியில்தான் வேகம் நிதானமாகக் குறைகிறது. மடிக்கும்போது ஸ்லைடரை உச்சிவரை ஏற்றி வைக்காவிட்டால் திறப்பு முரட்டுத்தனமாக இருக்கும். ரப்பர் வளையங்கள் தளர்ந்திருந்தாலும் அப்படித்தான்: கயிறுகள் மொத்தமாகக் கொட்டிவிடும்.

மடக்கக்கூடிய பைலட் சூட் என்றால், மடிக்கும்போது அதன் உள்கயிற்றை இழுத்துத் தயார்நிலையில் வைக்க வேண்டும். மறந்தால் அது வெறும் துணியாகப் பின்னால் இழுபடும், ஊசியை உருவப் பலம் இருக்காது. பிரைடிலில் உள்ள சிறு சாளரத்தில் நிறக்கயிறு தெரிகிறதா என்று பார்த்தபின்பே பொதியை மாட்டுங்கள்.

படி 6: மேலே பாருங்கள்

இருக்கிறதா, சதுரமாக இருக்கிறதா, சொன்னபடி கேட்கிறதா. மூன்றுக்கும் ஆம் என்றால் பறக்கலாம்.

கயிறுகள் முறுக்கிக்கொண்டிருந்தால், திறக்கும் நேரத்தில் ஒரு தோள் தாழ்ந்திருந்ததே பெரும்பாலும் காரணம். ரைசர்களை (தோளிலிருந்து கயிறுகளுக்குப் போகும் பட்டைகளை) அகலப் பிரித்துப் பிடித்து, முறுக்கு அவிழும் பக்கம் கால்களை உதைத்துத் திரும்புங்கள். ஓரத்து அறைகள் மூடியிருந்தாலோ ஸ்லைடர் பாதியில் நின்றாலோ, இரண்டு டாகிள்களையும் (பாராசூட்டைத் திருப்பவும் வேகம் குறைக்கவும் உள்ள கைப்பிடிகளை) இடுப்புவரை இழுத்து, சற்றுப் பிடித்து, மெல்ல விடுங்கள்.

இவற்றுக்குக் கெடு 2500 அடி. அதற்குள் சரியாகவில்லை என்றாலும், பாராசூட்டின் மேல் கயிறு குறுக்கே விழுந்து அது வேகமாகச் சுற்றினாலும் யோசிக்க வேண்டாம். கால்களைக் கீழே கொண்டுவந்து வளைவெடுங்கள். வலப்பக்கச் சிவப்புக் கைப்பிடியைப் பார்த்து, பிடித்து, கை முழுதும் நீளும்வரை இழுங்கள். முதன்மைப் பாராசூட் பிரிந்துவிடும். உடனே இடப்பக்க வெள்ளி நிறக் கைப்பிடி, ரிசர்வுக்கு.

பைலட் சூட் வெளியே போயும் பொதி திறக்காமல் பின்னால் இழுபட்டால் என்ன செய்வது என்பதில் இரண்டு மரபுகள் உண்டு: நேராக ரிசர்வ், அல்லது முதலில் சிவப்பு, பிறகு ரிசர்வ். உங்கள் பள்ளி கற்றுத்தரும் ஒன்றை மட்டும் தரையில் பயிற்சிக்காக வைத்திருக்கும் தொங்கு பட்டையில் திரும்பத் திரும்பச் செய்து கைக்குப் பழக்குங்கள். அந்த நேரத்தில் நீங்கள் 1000 அடியை ஐந்தரை விநாடியில் கடந்துகொண்டிருப்பீர்கள். எது நல்லது என்று ஆராய நேரம் இருக்காது.