ஏர் ரைபிள் திருகுகளுக்கு மரைப்பசை இடும் முறை

ஸ்பிரிங் விசையில் இயங்கும் ஏர் ரைபிளில் ஒவ்வொரு குண்டுக்கும் இரண்டு உதைகள் உண்டு. பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னுக்கு நகர்கிறது. சிலிண்டரின் முனையில் பிஸ்டன் நிற்கும்போது துப்பாக்கி முன்னுக்கு இழுபடுகிறது. துப்பாக்கியின் கட்டையைப் (தோளில் வைத்துப் பிடிக்கும் பகுதி) பிடித்திருக்கும் திருகுகளும், குறிபார்க்கும் டெலஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையங்களின் திருகுகளும் தளர்வதற்கு இந்த முன்பின் ஆட்டமே காரணம். குண்டுகள் இலக்கில் சிதறத் தொடங்கினால், பெல்லட்டைக் (ஏர் ரைபிள் குண்டு) குறை சொல்வதற்கு முன் அலென் கீயை (அறுகோணத் திருகுச் சாவி) எடுத்து ஒவ்வொரு திருகையும் சோதிப்பது நல்லது.

திருகு தளராமல் இருக்க அதன் மரையில் இடுவது மரைப்பசை. பலரும் லாக்டைட் என்ற பிராண்டு பெயரிலேயே அழைக்கும் இந்தப் பசை, காற்றுப் படாத இடத்தில் உலோகத்தைத் தொட்டால் மட்டுமே இறுகும். புட்டியில் பாதி காலியாக விட்டு விற்பதும் அதனால்தான். உள்ளிருக்கும் காற்றே பசையைத் திரவமாக வைத்திருக்கிறது. மதுரையில் மோட்டார் உதிரிபாகக் கடைகளிலும் பேரிங் கடைகளிலும் கேட்டுப் பார்க்கலாம். லாக்டைட் வகைகளை எண்ணால் குறிப்பார்கள். ஊதா நிற 222 வளையத் திருகு போன்ற சிறியவற்றுக்கும், நீல நிற 243 கட்டைத் திருகுகளுக்கும் போதும். சிவப்பு நிற 271-ஐக் கடைக்காரர் எவ்வளவு பரிந்துரைத்தாலும் வாங்க வேண்டாம். அதைக் கழற்ற ஏறத்தாழ 250 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவைப்படும், துப்பாக்கியின் மெருகும் சீல்களும் அதைத் தாங்காது.

பசையைவிடச் சுத்தம்தான் முக்கியம் என்பது என் கருத்து. திருகையும் துளையையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, பழைய பசை வெண்பொடியாக ஒட்டியிருந்தால் பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, முழுதும் உலரவிட வேண்டும். பெட்ரோலில் கழுவினால் எண்ணெய்ப் படலம் எஞ்சக்கூடும். பிறகு, உள்ளே பொருந்தும் மரைகளில் ஒரே ஒரு சிறு துளி வைத்தால் போதும். திருகும்போது அது தானே சுற்றிப் பரவும். அடி மூடிய துளையாக இருந்தால் திருகில் இடாமல் துளையின் அடியில் இட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று பசையை வெளியே தள்ளிவிடும். திருகின் தலையடியில் பிதுங்கி நிற்பதை உடனே துடைத்துவிடுங்கள்.

முறுக்குவதில் நிதானம் வேண்டும். ஈரமான பசை மரையில் எண்ணெய் போல வழுக்குவதால், வழக்கமான பலத்தில் திருகினாலும் இறுக்கம் கூடிப்போய், அலுமினிய வளையத்தின் மரை தேய்ந்துவிடக்கூடும். எஃகுத் திருகு சில நிமிடங்களில் பிடித்துக்கொள்ளும். முழு வலுவுக்கு 24 மணி நேரம் ஆகும். துருப்பிடிக்காத எஃகிலும் துத்தநாக முலாமிலும் இன்னும் தாமதமாகும் என்பதால் அன்றே சுடக் கூடாது.

மரத்தில் நேராக இறங்கும் திருகுக்கு இந்தப் பசையால் பயனில்லை. ஏர்சாஃப்ட் துப்பாக்கிகளில் (பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கிகள்) உலோகத்தோடு உலோகம் சேரும் கியர்பாக்ஸ் திருகுகளுக்கு மேற்சொன்ன முறையே பொருந்தும். ஆனால் பிளாஸ்டிக் உடலில் இடக் கூடாது, பாலிகார்பனேட், ஏபிஎஸ் போன்றவை இதனால் விரிசல் விடும். டிரிகர் பகுதியில் பசை வழிந்து உள்ளே இறங்கினால் டிரிகர் சிக்கி ஆபத்தாகும், ஆகவே அங்கே கை வைக்காமல் இருப்பதே மேல். பெல்லட் ஏற்றாமல், ஸ்பிரிங்கை இழுக்காமல் வைத்துத்தான் எந்த வேலையையும் தொடங்க வேண்டும்.

சித்திரை வெயிலில் புட்டியை மூடிய காரில் விட்டுவைக்காமல், வீட்டில் நிழலான குளிர்ந்த இடத்தில் வையுங்கள். ஊதா, நீலப் பசையிட்ட திருகுகள் சாதாரணக் கருவிகளிலேயே கழலும். அடம்பிடித்தால், சால்டரிங் அயர்னின் முனையைத் திருகின் தலையில் மட்டும் சிறிது நேரம் வைத்துச் சூடாக்கி, சூடு ஆறுவதற்குள் திருப்பலாம்.