ரேடியோ பட்டன் சேர்ப்பதிலும் அலங்கரிப்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல விருப்பங்களில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வைக்கும் சிறு வட்டமான ரேடியோ பட்டனுக்காகப் பிரவுசர் நிறைய வேலையைச் சத்தமில்லாமல் செய்து தருகிறது. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் முன்பு தேர்ந்தது தானாக விலகிக்கொள்ளும். டேப் விசையை ஒருமுறை அழுத்தினால் குழுவுக்குள் நுழையலாம், அம்புக்குறி விசைகளால் உள்ளே நகரலாம். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருள், அது என்ன விருப்பம், தேர்வாகியிருக்கிறதா இல்லையா என்பதை வாசித்துக் காட்டும். இதற்கெல்லாம் ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட்கூடத் தேவையில்லை. நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, இந்த வேலையைப் பிரவுசரிடமிருந்து பறித்துக்கொண்டு, அதில் பாதியை மட்டும் திரும்பச் செய்வதால் வருபவை.

ஒரு துணிக்கடையின் ஆர்டர் படிவத்தை எடுத்துக்கொள்வோம். கேள்வி: டெலிவரி முறை. விருப்பங்கள்: 'வீட்டுக்கு அனுப்பவும்', 'கடைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன்'.

நேம், வேல்யூ, ஐடி

ஒரே கேள்விக்கான பட்டன்கள் எல்லாவற்றுக்கும் நேம் (குழுவின் பெயர்) ஒன்றாகவும், வேல்யூ (சர்வருக்குப் போகும் மதிப்பு) வெவ்வேறாகவும் இருக்க வேண்டும். ஒவ்வொரு பட்டனையும் தனியாக அடையாளம் காட்டும் ஐடி பக்கம் முழுவதிலும் ஒரே ஒருமுறைதான் வரலாம். நேம் வேறுபட்டால் இரண்டு விருப்பமும் ஒரே நேரத்தில் தேர்வாகி நிற்கும்; தேர்ந்ததை எடுக்கவும் வழியிருக்காது. வேல்யூ எழுத மறந்தால், எதைத் தேர்ந்தாலும் சர்வருக்கு 'ஆன்' என்ற ஒரே சொல்தான் போகும். திரையில் எல்லாம் சரியாகத் தெரிவதால் இந்தப் பிழை டேட்டாபேஸைப் பார்க்கும்வரை வெளியே வராது.

நேம் குழுவாக்குவது ஒவ்வொரு ஃபார்ம் டேகுக்கும் தனித்தனியாகத்தான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே பக்கத்தில் இரண்டு ஃபார்ம்கள் இருந்தால் ஒரே நேம் மோதாது. ஆனால் ரியாக்ட், வியூ போன்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவிகளில் ஃபார்ம் டேகே இல்லாமல் எழுதும் பழக்கம் உண்டு. அப்போது ஃபார்முக்கு வெளியே உள்ள ஒரே நேம் கொண்ட பட்டன்கள் எல்லாம், பக்கத்தில் எங்கே இருந்தாலும், ஒரே குழுவாகிவிடும். மொபைலுக்கு ஒன்று, டெஸ்க்டாப்புக்கு ஒன்று என்று ஒரே கம்போனென்டை இருமுறை வைத்து, சிஎஸ்எஸ் மூலம் ஒன்றை மறைத்தால், மறைந்திருக்கும் பிரதி தேர்வைப் பிடுங்கிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரிவது காலியாக நிற்கும். ஒவ்வொரு பிரதியையும் தனி ஃபார்முக்குள் வையுங்கள், அல்லது ரியாக்ட் 18 முதல் உள்ள, தனித்துவமான ஐடி உருவாக்கித் தரும் யூஸ்ஐடி ஹூக்கால் நேமைத் தனித்தனியாக்குங்கள்.

லூப் போட்டு வரிசையாகப் பொருள்களைக் காட்டும் இடத்தில் ஐடி திரும்பத் திரும்ப வந்துவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. மூன்றாவது சேலையின் லேபிளைத் தட்டினால் முதல் சேலையின் தேர்வு மாறும். ஐடியோடு பொருளின் எண்ணையும் சேர்த்துவிட்டால் தீர்ந்தது.

லேபிளும் கேள்வியும்

விருப்பத்தின் பெயரை லேபிள் டேகில் வைக்காமல் வெறும் ஸ்பேனில் போட்டால், தட்டக்கூடிய இடம் அந்தச் சின்ன வட்டம் மட்டுமே. குரோமில் அதன் இயல்பான அளவு 13 பிக்சல். 2023 அக்டோபரில் வெளியான டபிள்யூசிஏஜி 2.2 என்ற இணைய அணுகல்தன்மை வழிகாட்டி கேட்கும் குறைந்தபட்சம் 24க்கு 24. கைப்பேசிக்கு 44 பிக்சல் உயரம் தருவதே நல்லது. இன்புட்டையும் எழுத்தையும் சேர்த்து லேபிளுக்குள்ளேயே வைத்து, இடைவெளியை லேபிளின் பேடிங்காகக் கொடுங்கள். இரண்டையும் அருகருகே தனியாக வைத்து மார்ஜின் கொடுத்தால், வட்டத்துக்கும் எழுத்துக்கும் நடுவே தட்டும்போது ஒன்றும் நடக்காது.

'டெலிவரி முறை' என்ற கேள்வியைப் பத்தியாகவோ தலைப்பாகவோ போட்டுவிட்டு நகர்வது இன்னொரு குறை. டேப் விசையால் வருபவருக்கு 'வீட்டுக்கு அனுப்பவும்' என்பது மட்டும் கேட்கும். 'ஆம்', 'இல்லை' என்ற விருப்பங்கள் என்றால் எந்தக் கேள்விக்கு என்றே தெரியாது. பட்டன்களை ஃபீல்ட்செட் என்ற குழு டேகுக்குள் வைத்து, கேள்வியை அதன் தலைப்பான லெஜண்டில் எழுதினால் இரண்டும் சேர்ந்து வாசிக்கப்படும்.

ஃபீல்ட்செட்டின் தோற்றம் பிடிக்காததால்தான் பலர் அதைத் தவிர்க்கிறார்கள். பார்டர், பேடிங், மார்ஜின் மூன்றையும் பூஜ்யமாக்கினால் சாதாரண டிவ் போலாகிவிடும். மின்-விட்த்தையும் பூஜ்யமாக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் 'வாங்கிக்கொள்கிறேன்' போன்ற நீண்ட சொல்லைவிடக் குறுக மறுத்து, சின்னத் திரையில் பக்கத்தையே பக்கவாட்டில் தள்ளும். லெஜண்ட் மற்ற உறுப்புகளைப் போல ஃப்ளெக்ஸ் வரிசையில் உட்காராது. ஆகவே விருப்பங்களை மட்டும் ஒரு டிவ்வில் சுற்றி அதற்கு ஃப்ளெக்ஸ் கொடுங்கள்.

மறைப்பதில் வரும் வினை

அலங்கரிப்பதற்காக உண்மையான இன்புட்டை டிஸ்ப்ளே நன் போட்டு மறைத்து, ஸ்பேனில் ஒரு வட்டம் வரைவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. மவுஸில் கச்சிதமாக வேலை செய்வதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. ஆனால் விசைப்பலகையால் அந்தக் குழுவுக்குள் நுழையவே முடியாது, ஸ்கிரீன் ரீடருக்கும் அப்படியொன்று இருப்பதே தெரியாது. விசிபிலிட்டி ஹிடன் போட்டாலும் இதே கதிதான்.

இதோடு, கட்டாயம் தேர்ந்தாக வேண்டும் என்று குறிக்கும் ரிக்வயர்டும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். எதையும் தேர்ந்தெடுக்காமல் 'ஆர்டர் செய்' பட்டனை அழுத்தும்போது, பிரவுசர் பிழைச் செய்தியைக் காட்ட அந்த இன்புட்டுக்குப் ஃபோகஸ் தரப் பார்க்கும். மறைந்திருப்பதால் முடியாது. ஃபார்மும் போகாது, செய்தியும் வராது. குரோமின் கன்சோலில் மட்டும் ஃபோகஸ் தர முடியவில்லை என்று ஒரு வரி இருக்கும். வாடிக்கையாளர் பட்டனை மறுபடி மறுபடி அழுத்திவிட்டுக் கிளம்பிவிடுவார்.

சிலர் இதையறிந்து, இன்புட்டைப் பொசிஷன் அப்சல்யூட் ஆக்கி ஒபாசிட்டியைப் பூஜ்யமாக்குகிறார்கள். இது சரியான வழிதான், ஆனால் லேபிளுக்குப் பொசிஷன் ரிலேட்டிவ் கட்டாயம். அதை விட்டால் இன்புட் தொலைவிலுள்ள வேறொரு பெட்டியை நங்கூரமாக்கிக்கொள்ளும். விருப்பத்தைத் தட்டியதும் பக்கம் திடீரென்று வேறிடத்துக்குத் தாவும்.

நிறம் மட்டும் மாற வேண்டுமென்றால் இவ்வளவு பாடே வேண்டாம். ஆக்சென்ட்-கலர் என்ற ஒரே வரி போதும். குரோம் 93, ஃபயர்ஃபாக்ஸ் 92, சஃபாரி 15.4 முதல் இது வேலை செய்கிறது. நிறைய படிவங்களுக்கு இதற்குமேல் எதுவும் தேவைப்படாது.

வடிவமே மாற வேண்டுமென்றால், இன்புட்டை மறைக்காமல் அதன் தோற்றத்தை மட்டும் கழற்றுங்கள். அப்பியரன்ஸ் நன், மார்ஜின் 0, ஃபான்ட் இன்ஹெரிட், அகலமும் உயரமும் 1.25 எம் (எழுத்தளவைப் பொறுத்து மாறும் அலகு), 2 பிக்சல் பார்டர், பார்டர்-ரேடியஸ் 50%, டிஸ்ப்ளே கிரிட், நடுவில் நிறுத்த பிளேஸ்-கன்டென்ட் சென்டர். உள்ளே வரும் புள்ளியைப் பிஃபோர் போலி உறுப்பில் 0.6 எம் அளவில் வரைந்து, அளவை ஸ்கேல் 0 ஆக வைத்து, செக்டு நிலையில் 1 ஆக்குங்கள். ஃபான்ட் இன்ஹெரிட்டை விட்டால் எம் கணக்கு பிரவுசரின் சொந்த எழுத்தளவான 13.33 பிக்சலிலிருந்து தொடங்கும். பக்கத்தின் எழுத்தைப் பெரிதாக்கினாலும் வட்டம் வளராது.

புள்ளியைப் பின்னணி நிறத்தாலோ பாக்ஸ்-ஷேடோவாலோ மட்டும் வரைந்தால், நிறங்களைத் தானே மாற்றிவிடும் விண்டோஸின் கான்ட்ராஸ்ட் தீமில் அது காணாமல் போகும், எது தேர்வானது என்றே தெரியாது. ஃபோர்ஸ்டு-கலர்ஸ் மீடியா குவெரிக்குள் புள்ளியின் பின்னணிக்கு கேன்வாஸ்டெக்ஸ்ட் என்ற சிஸ்டம் நிறத்தைக் கொடுங்கள்.

தமிழ் லேபிள்களில் வேறு சிக்கலும் உண்டு. எழுத்து நீளமானதும் ஃப்ளெக்ஸ் பெட்டி வட்டத்தை நெருக்கி முட்டை வடிவமாக்கும். இன்புட்டுக்கு ஃப்ளெக்ஸ் நன் கொடுத்தால் அது அசையாது. அலைன்-ஐட்டம்ஸ் சென்டர் வைத்தால் மூன்று வரி லேபிளின் நடுவில் வட்டம் தொங்கும். ஃப்ளெக்ஸ்-ஸ்டார்ட் வைத்தால் முதல் வரியோடு நிற்கும். உயரத்தை நிலையாக வைத்து ஓவர்ஃப்ளோ ஹிடன் போட்டால் 'பூ', 'மூ' போன்ற எழுத்துகளின் அடிப்பகுதி வெட்டுப்படும். மின்-ஹைட்டும் லைன்-ஹைட் 1.5உம் பாதுகாப்பானவை.

வட்டத்தின் கோடு பின்னணியோடு 3:1 மாறுபாடாவது காட்ட வேண்டும். வெள்ளைப் பின்னணியில் #999999 நிறம் 2.85:1தான் தருகிறது, #767676 தருவது 4.54:1. அழகாக இல்லை என்று அவுட்லைன் நன் போடுபவர்கள், அதற்குப் பதில் ஃபோகஸ்-விசிபிள் நிலையில் தெளிவான ஒரு வளையத்தைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். கார்டு போன்ற விருப்பங்களில் ஓரத்து நிறம் மட்டும் மாறுவதும் போதாது, புள்ளியோ டிக்கோ இருக்கட்டும்.

ஸ்கிரிப்டில் சறுக்கும் இடங்கள்

சேஞ்ச் நிகழ்வு புதிதாகத் தேர்வான பட்டனில் மட்டுமே எழும். தேர்வை இழந்த பட்டனுக்கு எந்தச் செய்தியும் வராது. 'வீட்டுக்கு அனுப்பவும்' பட்டனில் மட்டும் கவனிப்பானை வைத்து முகவரிப் பகுதியைத் திறந்தால், மற்றதைத் தேர்ந்த பிறகும் அது திறந்தே கிடக்கும். கவனிப்பானை ஃபீல்ட்செட்டில் வையுங்கள்.

அம்புக்குறியால் நகரும் ஒவ்வொரு அடியிலும் தேர்வு மாறும், சேஞ்சும் எழும். ஆகவே தேர்ந்த கணமே அடுத்த பக்கத்துக்குத் தாவ வைத்தால், விசைப்பலகைக்காரரால் மூன்றாவது விருப்பத்தை எட்டவே முடியாது. தொடர்வதற்குத் தனி பட்டன் வேண்டும்.

ரியாக்டில் எதைத் தட்டினாலும் எதுவும் தேர்வாகாததுபோல் தெரிந்தால், முதலில் எண்ணையும் எழுத்துச்சரத்தையும் ஒப்பிடுகிறீர்களா என்று பாருங்கள். நிகழ்விலிருந்து வரும் வேல்யூ எப்போதும் எழுத்துச்சரம்தான். ஸ்டேட்டில் (ரியாக்ட் நினைவில் வைக்கும் மதிப்பில்) எண்ணாக 1 இருந்து, மூன்று சமக்குறிகளால் ஒப்பிட்டால் பொருந்தாது.

ரீட்ஒன்லி ரேடியோவுக்குச் செல்லாது. டிசேபிள்டு செய்தால் மதிப்பே சர்வருக்குப் போகாது. மாற்றக் கூடாத தேர்வைக் காட்டிக்கொண்டே அனுப்பவும் வேண்டுமானால் கூடவே ஒரு ஹிடன் இன்புட் வையுங்கள்.

ஒருமுறை தேர்ந்தால் பயனரால் அதை நீக்க முடியாது. எனவே பாலினம் போன்ற சொந்த விவரங்களில் முன்கூட்டியே எதையும் தேர்ந்து வைக்காமல், 'சொல்ல விரும்பவில்லை' என்பதையும் ஒரு விருப்பமாகக் கொடுங்கள். எதுவும் தேர்வாகாமல் படிவம் வந்தால் அந்த நேமே கோரிக்கையில் இருக்காது. காலி எழுத்துச்சரம் வரும் என்று எதிர்பார்த்து எழுதிய சர்வர் நிரல் அங்கே விழும். அந்த நேம் இருக்கிறதா, வந்த மதிப்பு நீங்கள் கொடுத்த விருப்பங்களில் ஒன்றுதானா என்ற இரண்டையும் சர்வரிலும் சோதியுங்கள்.