கலியாணத்துக்குப் பத்து நாள் முன்னரே போய் இறங்குங்கள்

கனடாவிலிருந்து யாழ்ப்பாணத்துக் கலியாணத்துக்கு நாங்கள் முதல் தடவை குடும்பமாகப் போனபோது, கலியாணத்துக்கு முந்திய நாள் இரவுதான் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் மண்டபத்தில் பிள்ளைகள் இருவரும் கதிரையிலேயே நித்திரையாகிவிட்டார்கள். தாலி கட்டியதைப் பிறகு வீடியோவில்தான் பார்த்தார்கள். அந்தக் கவலை எனக்கு நெடுநாள் இருந்தது. அடுத்த தடவை, என் பெறாமகனின் கலியாணத்துக்கு, பத்து நாள் முன்னரே போனோம். கலியாணத்தின் பெரும்பகுதி மண்டபத்துக்கு வெளியே, அதற்கு முந்திய நாட்களில் நடக்கிறது. அதையும் இடையிடையே கடலையும் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டால் அந்தப் பயணம் அவர்களோடு தங்கிவிடும்.

முதலில் மாதத்தைப் பாருங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு விடுமுறை ஜூலையிலும் ஓகஸ்டிலும் வருகிறது. ஆனால் ஜூலை நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் நடுப்பகுதி வரை ஆடி மாதம், கலியாணம் வைக்க மாட்டார்கள். ஆவணி பிறந்த பிறகுதான் முகூர்த்தங்கள் வரும். நல்லூர்த் திருவிழாவும் அதே காலத்தில் 25 நாள் நடக்கும். அந்த நாட்களில் பல வீடுகளில் மச்சம், அதாவது மீன் இறைச்சி, சமைக்க மாட்டார்கள். ஊருக்குப் போனதும் நண்டுக்கறி என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டி வைத்திருந்தால் இதையும் சொல்லிக் கூட்டிச் செல்லுங்கள். டிசம்பர் விடுமுறையில் போவதானால், நடுப்பகுதியிலிருந்து மார்கழி, அதிலும் கலியாணம் இல்லை. மழையும் இருக்கும், கடலும் கொந்தளிப்பாக இருக்கும்.

கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணம் 350 கிலோமீற்றருக்கு மேல். இரவு விமானத்தில் வந்த பிள்ளைகளை உடனேயே வாகனத்தில் ஏற்றி ஏழெட்டு மணித்தியாலம் கூட்டிப் போகாதீர்கள். நீர்கொழும்பில் ஓர் இரவு தங்கிப் போனால் எல்லோருக்கும் நல்லது. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கும் விமானம் உண்டு. ஆனால் அவை சிறிய விமானங்கள். கலியாணச் சாமான்களோடு போகிறவர்கள் எத்தனை கிலோ அனுமதி என்று முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் தனி டிக்கெட்டில் மாறி ஏறுவதானால் இந்திய விசாவும் தேவைப்படலாம்.

சரி, கலியாண வீட்டுக்கு வருவோம். முதலில் வருவது பொன்னுருக்கு. நல்ல நாள் பார்த்து மாப்பிள்ளை வீட்டில் செய்வார்கள். ஆசாரியார் வந்து, தாலி செய்வதற்கான பொன்னைச் சட்டியில் உமி நெருப்பில் வைத்து ஊதி உருக்குவார். பொன் இளகித் திரண்டு வருவதைச் சுற்றியிருந்து பார்க்கலாம். உருக்கிய பொன்னை ஒரு தட்டில் வைத்து எல்லோருக்கும் காட்டுவார்கள், பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிப்பார்கள். என் மகன் அதைத் தொட்டுவிட்டு, இதுதான் மச்சாளின் கழுத்தில் ஏறப்போகிறதா என்று கேட்டான். மண்டபத்தில் தாலி கட்டும்போது அவன் எழும்பி நின்று பார்த்ததற்குக் காரணம் அந்தக் காலைதான். அன்றே முற்றத்தில் முள்முருக்கம் தடி ஒன்றைக் கன்னிக்கால் என்னும் மங்கலக் காலாக நடுவார்கள். பெண்கள் நவதானியம் இட்டு நீரும் பாலும் ஊற்றுவார்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்துங்கள், ஏன் எதற்கு என்று கேட்க விடுங்கள். பதில் சொல்ல வயதானவர்களுக்கு மிகவும் விருப்பம்.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். பொன்னுருக்கிய பிறகு மணமக்கள் ஒருவரையொருவர் பார்க்கக்கூடாது, தூரப் பயணம் போகக்கூடாது என்பது வழக்கம். வெளிநாட்டிலிருந்து வந்த பெடியன்கள் மாப்பிள்ளையைக் கடலுக்குக் கூட்டிப் போகப் புறப்பட்டார்கள். என் அம்மா வாசலில் நின்று மறித்துவிட்டா. அவர்களுக்கு அது மனத்தாங்கலாகப் போயிற்று. மாப்பிள்ளையோடு கடலுக்குப் போக ஆசையென்றால் பொன்னுருக்குக்கு முன்னர் போய் வாருங்கள்.

அப்புறம் பலகாரச் சூடு. அயலட்டைப் பெண்களெல்லாம் வந்து கூடுவார்கள். பயற்றம் பணியாரம், அரியதரம், முறுக்கு, சிப்பிப் பலகாரம் என்று தாச்சியில் வெந்துகொண்டே இருக்கும். இப்போது பலர் கடையில் ஓடர் கொடுக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஏற்பாடு நடந்தால், ஒரு வகையையாவது வீட்டில் சுடச் சொல்லிக் கேளுங்கள். என் பதின்மூன்று வயது மகள் சுளகுக்கு முன்னால் இருந்து பயற்றம் உருண்டை பிடித்தாள். தமிழ் பேசக் கூச்சப்படுகிறவள். மாவில் கை வைத்த பிறகு யாரும் சொல்லாமலே பேசத் தொடங்கினாள். மண்டபத்தில் இதற்கு இடமே கிடைத்திருக்காது.

கலியாணத்தன்று காலையில் பால் அறுகு வைப்பார்கள். பாலில் தோய்ந்த அறுகம்புல்லைப் பெரியவர்கள் மாப்பிள்ளையின் தலையில் வைப்பார்கள், அதன் பிறகு முழுக்கு. மண்டப வாசலில் பெண்ணின் சகோதரன் தோழனாக நின்று மாப்பிள்ளையின் காலைக் கழுவ, மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடுவார். தாலி கட்டியதும் ஏழடி, அம்மி மிதித்தல், அருந்ததி பார்த்தல், குடத்துக்குள் மோதிரம் தேடுதல். பிள்ளைகளுக்குப் பிடித்தது மோதிரம் தேடுவதுதான், அதற்கு முன்னால் இடம் பிடித்துக் கொடுங்கள். கமறாக்காரர் மணவறையை மறைத்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களோடு நாங்களும் கைபேசியைத் தூக்கிப் பிடித்தால் பின்னால் இருக்கும் ஆச்சிமாருக்கு ஒன்றும் தெரியாது. தயவு செய்து இருந்து பாருங்கள்.

உடுப்பு விஷயம்: சேலைச் சட்டையை ஊரில் தைக்கலாம் என்று போகிறவர்கள் போன அன்றே தையல்காரரிடம் கொடுத்துவிடுங்கள், முகூர்த்த காலத்தில் கடைசி நேரத்தில் கிடைக்காது. சிறுவர்களுக்கு ஒட்டு வேட்டி போதும்.

கடலுக்கு வருகிறேன். சின்னப் பிள்ளைகளோடு போக நான் சொல்வது காரைநகர் கசூரினா. பொன்னாலைப் பாலத்தைத் தாண்டிப் போகும்போது இரண்டு பக்கமும் கடல்தான். கரையில் சவுக்கு மரங்கள், நிழலுக்குக் குறைவில்லை. வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பளவுதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம், வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள். திருக்கை மணலுக்குள் கிடக்கலாம், காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து இழுத்து நடக்கப் பழக்குங்கள். பெண்கள் ரீசேட்டும் நீளக் காற்சட்டையுமாகக் குளித்தால் சங்கடமில்லை. சுற்றியிருப்பவர்கள் ஊர்க் குடும்பங்கள். அவர்கள் நடுவில் போத்தலைத் திறந்து வைத்துக் குடிப்பதும், கண்ணாடித் துண்டுகளை மணலில் விட்டு வருவதும் எனக்கு மிகவும் வேதனையான காட்சி. அந்தக் கரையில் வெறுங்காலோடு நடக்கிறவர்கள் எங்கள் சொந்தக்காரர்கள்.

மணற்காடு என்ற ஊர்ப் பக்கம் மணல் மேடுகள் அழகு, ஆனால் அது திறந்த கடல். பார்த்துவிட்டு வரலாம், பிள்ளைகளை இறக்காதீர்கள். உப்புத் தண்ணீரில் குளித்துக் களைத்த ஒரு நாள் கீரிமலைக்குப் போங்கள். கடலை ஒட்டிய கேணியில் நன்னீர் ஊறுகிறது, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக உண்டு. கேணிச் சுவருக்கு அப்பால் அலை அடிக்க, உள்ளே நல்ல தண்ணீரில் மூழ்குவது என் பிள்ளைகளுக்கு நம்ப முடியாத விஷயமாக இருந்தது. நேரம் மிச்சமிருந்தால் திருகோணமலை நிலாவெளியும் போகலாம். ஏப்ரல் முதல் செப்ரெம்பர் வரை அந்தக் கடல் அமைதி.

கலியாணம் முடிந்ததும் விமானம் ஏறாதீர்கள். நாலாம் சடங்கு இருக்கிறது. இப்போது மறுநாளே வைத்துவிடுகிறார்கள், பெயர் மட்டும் நாலாம் சடங்கு. அதுவரை மரக்கறி சாப்பிட்ட வீடு அன்றுதான் மச்சம் சமைக்கும். விடிய முன்னர் பாசையூர்ச் சந்தைக்கு யாராவது போவார்கள். கேட்டு, பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். வள்ளத்தில் வந்த மீனைக் குவித்து வைத்து ஏலம் கூறுவார்கள். விளைமீன், ஓரா, கணவாய், உயிர் நண்டு. என் மகன் நண்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, கிணற்றடியில் அக்கா அதை உடைக்கும்வரை அருகிலேயே இருந்தான். மத்தியானம் மணமக்களோடு ஒரே பந்தியில் இருந்து அந்தக் கறியைச் சாப்பிட்டான்.

திரும்பும்போது சிப்பி, முருகைக்கல் (பவளப்பாறை) எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், முருகைக்கல் கொண்டுவருவது சட்டப்படி குற்றம். அந்த இடத்தில் பயற்றம் பணியாரத்தை வையுங்கள். எங்கள் பெட்டியில் மகள் பிடித்த உருண்டைகள் வந்தன. பக்கத்து வீட்டுக்கு அவளே கொண்டுபோய்க் கொடுத்து, எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.